புயல் நேரத்தில் கடல் ஊருக்குள் ஏறுவது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் நாகப்பட்டினம் பக்கம் பேச்செல்லாம் புயலைப் பற்றித்தான். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்கும், எந்த ஊரில் கரையைக் கடக்கும், பள்ளிக்கு விடுமுறையா என்று கேட்பார்கள். தண்ணீர் எவ்வளவு ஏறும், எத்தனை மணிக்கு ஏறும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் வங்கக் கடலின் பெரிய புயல்களில் இறந்தவர்களில் பெரும்பாலோர் காற்றால் சாகவில்லை, கடல் நீரில்தான் செத்தார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீரைப் பற்றியது.

புயல் வந்தால் கடல் ஏன் ஊருக்குள் வருகிறது?

முக்கியக் காரணம் காற்று. பல மணி நேரம் ஒரே திசையில் அடிக்கும் பலத்த காற்று, கடலின் மேல்நீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆழ்கடலில் அப்படித் தள்ளப்படும் நீர் அடியில் திரும்பிப் போய்விடும். கரையோரம் ஆழம் குறைந்தால் திரும்பிப் போக இடமில்லை. நீர் குவிந்து, கடல் மட்டமே உயர்கிறது. இதைத்தான் புயல் எழுச்சி என்கிறோம்.

காற்றழுத்தம் குறைவதும் ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். புயலின் நடுவில் அழுத்தம் 50 மில்லிபார் குறைந்திருந்தால் அதனால் வரும் உயர்வு அரை மீட்டர். மீதி மீட்டர் கணக்கெல்லாம் காற்றும், கடலடித் தரையின் சரிவும் சேர்ந்து செய்வது. அதே பலமுள்ள புயல் ஆழமான கடற்கரையில் ஒரு மீட்டர் எழுப்பும், ஆழமற்ற கரையில் நான்கு மீட்டர் எழுப்பும்.

“வழக்கத்தைவிட ஒரு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழும்பும்” என்கிறார்கள். ஒரு மீட்டர் அலைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

அது அலையின் உயரம் இல்லை. மெரினாவில் சாதாரண நாளிலேயே ஒரு மீட்டர் அலையைப் பார்க்கலாம், வந்து உடைந்து திரும்பிப் போகும். புயல் எழுச்சி என்பது கடலின் மட்டமே ஒரு மீட்டர் மேலே வந்து, மணிக்கணக்கில் அங்கேயே நிற்பது. அந்த உயர்ந்த மட்டத்தின் மேல்தான் அலைகள் ஓடிவரும். வழக்கமாகக் கரையில் உடையும் அலை அன்று தெருவுக்குள் வந்து உடையும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வானிலை மையம் சொல்லும் அந்த ஒரு மீட்டர், அந்த நேரத்து ஓதத்துக்கு மேலே ஒரு மீட்டர். ஓதம் என்பது கடல் தினமும் தானாக ஏறி இறங்குவது. தாழ் ஓதத்தில் வந்தால் தப்பிக்கலாம். உயர் ஓதத்தில் வந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அலையின் உயரம் அதற்கும் மேலே தனிக் கணக்கு.

ஒரு கன மீட்டர் கடல் நீரின் எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். அதில் படகும் மரமும் கூரைத் தகடும் மிதந்து வந்து மோதும். முழங்கால் அளவுதானே என்று ஓடும் நீரில் இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

அமாவாசை, பௌர்ணமியில் புயல் வந்தால் அதிக ஆபத்தா?

ஆமாம். அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் ஓதம் உச்சத்தில் இருக்கும். 2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவின் பாலசோர் பக்கம் கரையைக் கடந்தது. காற்றின் வேகத்தைப் பார்த்தால் அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆம்பன் அளவுக்குப் பெரிய புயல் இல்லை. ஆனால் அன்று பௌர்ணமி, சந்திர கிரகணம் வேறு. மேற்கு வங்கத்தின் திகாவிலும் சுந்தரவனத் தீவுகளிலும் கடல் கரைகளைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

இந்த விஷயத்தில் நம் கரைக்கு ஓர் ஆறுதல் உண்டு. வங்கதேசக் கழிமுகத்தில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் பல மீட்டர் வித்தியாசம் இருக்கும். தமிழகக் கரையில் அமாவாசை, பௌர்ணமியிலும் அது சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்கவும் முடியாது. வித்தியாசம் குறைவாக இருப்பதால்தான் நம் மீனவர் குடியிருப்புகள் கடலுக்கு இவ்வளவு நெருக்கத்தில், இவ்வளவு தாழ்வான தரையில் அமைந்திருக்கின்றன. அரை மீட்டர் கூடுதலாக ஏறினாலே பல தெருக்களில் நீர் நிற்கும். போதாததற்கு, நம் புயல் காலமான ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரையின் கடல் மட்டமே ஆண்டின் மற்ற மாதங்களைவிடச் சற்று உயர்ந்திருக்கும்.

கரையைக் கடக்கும் இடத்தில்தானே கடல் அதிகம் ஏறும்?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். கிழக்கிலிருந்து மேற்காக அது கரையை நோக்கி வரும்போது, மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். ஆகவே வடக்குப் பக்கத்தில் கடல் ஏறும், தெற்குப் பக்கத்தில் இறங்கக்கூட செய்யலாம். புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் ஆபத்தானது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். உச்ச ஏற்றம் பொதுவாக மையத்திலிருந்து 20 முதல் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவில் வந்த புயல் சீராலா அருகே கரையைக் கடந்தது. ஆனால் கடல் விழுங்கியது அதற்கு வடகிழக்கே கிருஷ்ணா ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் திவிசீமா பகுதியை. ஐந்து மீட்டர் அளவுக்கு நீர் ஏறியது. பத்தாயிரம் பேர் இறந்ததாக அரசுக் கணக்கே சொன்னது.

எனவே “புயல் நமக்குத் தெற்கே போகிறதாம், தப்பித்தோம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிழக்குக் கரையில் தெற்கே கடக்கும் புயல்தான் நமக்குக் கடலைக் கொண்டுவரும்.

பாக் விரிகுடாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். வேதாரண்யத்தை ஒட்டி ஒரு புயல் மேற்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வருவதற்கு முன் வடக்குக் காற்று விரிகுடா நீரைத் தெற்கே மண்டபம், ராமேசுவரம் பக்கம் தள்ளும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கடல் உள்வாங்கும். மையம் கடந்த பிறகு தெற்குக் காற்று திரும்பி அடிக்க, அதே நீர் வடக்குக் கரைக்கு வந்து சேரும். புயல் போய்விட்டது என்று மூச்சு விடும் நேரத்தில் அங்கே கடல் ஏறும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணிலிருந்து இதைத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். எண் கூடக்கூட ஆபத்து கூடும் என்று மட்டும்தான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எண்ணுக்குள் திசையும் இருக்கிறது.

1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 5-ம் 8-ம் ஏற்றினால் துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருக்கிறது என்று பொருள். 6-ம் 9-ம் என்றால் வலப்பக்கம். 7-ம் 10-ம் என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கப் போகிறது. 11 ஏற்றினால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது.

ஆக, ஒரே பலமுள்ள புயலுக்கு 8 ஏற்றிய ஊரைவிட 9 ஏற்றிய ஊரில் கடல் ஏறும் ஆபத்து அதிகம். செய்தியில் “ஒன்பதாம் எண் கூண்டு” என்று வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். கூடவே “கடல் ஏறும் பக்கம் இது” என்று ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு பேருக்கு உதவும்!

கடல் உள்வாங்கினால் சுனாமி வருமா?

2004-க்குப் பிறகு இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் புயல் காலத்தில் கடல் உள்வாங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் நிலக்காற்றுதான். 2017 செப்டம்பரில் இர்மா புயல் நெருங்கியபோது அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் நீர் வற்றி, மக்கள் சேற்றில் இறங்கி நடந்தார்கள். ராமேசுவரம், மண்டபம் பக்கம் காற்று மாறும் நாட்களில் படகுகள் தரைதட்டி நிற்பதை அங்குள்ளவர்கள் அடிக்கடி பார்ப்பதுண்டு.

நிலநடுக்கம் உணர்ந்த பிறகோ, காற்றே இல்லாத அமைதியான நேரத்தில் திடீரென்றோ கடல் உள்வாங்கினால் அது வேறு. உடனே மேட்டுக்கு ஓட வேண்டும். எப்படியிருந்தாலும், உள்வாங்கிய கடலுக்குள் சங்கு பொறுக்கவும் படம் எடுக்கவும் இறங்காதீர்கள். காற்று திசை மாறினால் நீர் திரும்பி வரும், சில சமயம் வேகமாக.

தமிழகத்தில் எந்தக் கரைக்கு ஆபத்து அதிகம்?

நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வழியாகப் பாம்பன் வரை. இங்கே கடல் ஆழமற்றது, பாக் விரிகுடாவின் பெரும்பகுதியில் பதினைந்து மீட்டர்கூட இல்லை. கரையும் தட்டையான டெல்டா மண். 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலில் கடல் ஏறியது சுமார் 1.2 மீட்டர்தான். ஆனால் நிலத்தில் சரிவே இல்லாததால் எட்டு கிலோமீட்டர் உள்ளே வந்தது. நானூறு பேர் இறந்தார்கள்.

தனுஷ்கோடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1964 டிசம்பரில் உருவான அந்தப் புயல் இலங்கையின் வடபகுதியைக் குறுக்காகக் கடந்து, 22-ம் தேதி இரவு பாக் நீரிணைக்கு வந்தது. தனுஷ்கோடி அப்போது சின்ன ஊர் இல்லை. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி எல்லாம் இருந்தன. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் பிடித்துத் தலைமன்னார் போகலாம். ஊர் அமைந்திருந்ததோ இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணல்திட்டில். ஒரு பக்கம் மீனவர்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் விரிகுடா, மறுபக்கம் ஆண்கடலான மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கடல் ஊரை நோக்கியே தள்ளப்படும்.

நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதை மூடியது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் பெரும்பாலானவற்றின் இரும்பு உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் அந்தப் பாலத்தைச் சீரமைத்தார்கள். ஊரைச் சீரமைக்க முடியவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயத்தின் பவளப்பாறைச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. போகிறவர்கள் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே மணலில் கடைகளும் குடிசைகளும் திரும்ப முளைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

2018-ல் கஜா வந்தபோது கடல் ஏறியதா?

ஏறியது. நவம்பர் 16 அதிகாலையில் அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தது. தென்னை சாய்ந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள், அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் வேதாரண்யம் கடலோரத்தில் சில மீனவக் கிராமங்களுக்குள் நீரோடு சேர்ந்து கடலடிச் சேறும் ஏறி வந்தது. கருஞ்சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இழுக்கும் சேறு. நீர் வடிந்துவிட்டது, சேறு நின்றுவிட்டது. படகின் ஓரங்கள் மட்டும் வெளியே தெரியும், இன்ஜினும் வலையும் உள்ளே புதைந்து கிடக்கும். வலையில் ஒரு கண் விடாமல் சேறு ஏறி இறுகிப்போனால் பிரித்து அலச முடியாது, அறுத்துத்தான் எறிய வேண்டும். ஒரு வள்ளத்தின் வலைகள் எத்தனை லட்சம் என்று மீனவக் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட இழப்பு கணக்கெடுப்புப் படிவத்தில் சரியாக ஏறுவதே இல்லை.

சென்னையில் கடல் ஊருக்குள் வரவில்லையே, ஆனாலும் வெள்ளம் வடியாததற்குக் கடலைக் காரணம் சொல்கிறார்களே?

உண்மைதான். அடையாறும் கூவமும் கொசஸ்தலையும் கடலில் விழ வேண்டுமானால் ஆற்றின் மட்டம் கடலின் மட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். புயல் நேரத்தில் கடல் உயர்ந்துவிட்டால் முகத்துவாரத்தில் ஆற்று நீர் தேங்கி நிற்கும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கரையோரமாக வடக்கே நகர்ந்தபோது நடந்தது இதுதான். வானம் கொட்டித் தீர்த்தது, கடல் வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது. அத்தனை நீளமான, தட்டையான வழியில் கடல் மட்டம் சற்று உயர்ந்தாலும் வேளச்சேரியில் நீர் நிற்கும்.

மணல்திட்டு மூடிக்கிடக்கும் முகத்துவாரத்தைப் புயலுக்கு முந்தைய நாள் பொக்லைன் வைத்துத் தோண்டுவதைப் பார்க்கிறோம். அது ஐப்பசிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. அப்படியே திறந்திருந்தாலும் நீர் வேகமாக வடிவது தாழ் ஓத நேரங்களில்தான். ஏரியைத் திறப்பவர்கள் மழை அளவோடு ஓத அட்டவணையையும் பார்த்தால் நல்லது.

கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் சுவரும் தூண்டில் வளைவும் புயலைத் தடுக்குமா?

தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு. சுவரும் சரி, வளைவும் சரி, கடல் அரிப்புக்காகப் போட்டவை. ஏறிவரும் கடலைத் தடுக்க அல்ல. அலையின் வேகத்தை ஓரளவு உடைக்கும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடல் மட்டமே சுவருக்கு மேலே போனால் நீர் வழிந்து உள்ளே வரும், அல்லது சுவர் முடிகிற இடத்தில் சுற்றிக்கொண்டு வரும். உள்ளே வந்த நீர் திரும்பிப் போகவும் அதே சுவர் தடையாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகுதான் அதற்குத் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை கரைந்தது, கல் கொட்டினார்கள், இன்னும் கொட்டுகிறார்கள். ஒரு கிராமத்துக்குத் தூண்டில் வளைவு போட்டால் வடக்கே அடுத்த கிராமம் மனு எழுதத் தொடங்கும். தங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோவதைப் பார்த்தவர்கள் கல் கேட்பது நியாயம்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஊர் ஊராகத் துண்டு துண்டாகத் திட்டம் போடுவதுதான் தவறு.

புதுச்சேரியில் வேறு வழியில் முயன்றார்கள். துறைமுக அலைத்தடுப்பால் காணாமல் போன கடற்கரையை மீட்க, சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை வைத்து, மணலையும் நிரப்பியது. பல பத்தாண்டுகளாக வெறும் பாறையாகக் கிடந்த இடத்தில் மணல் திரும்ப வந்தது. அகலமான மணற்கரைதான் சுவரைவிட நல்ல தடுப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

லண்டனிலும் நெதர்லாந்திலும் பெரிய கதவு போட்டுக் கடலை மூடுகிறார்களே, நாம் ஏன் செய்யக் கூடாது?

நல்ல கேள்வி. 1953 ஜனவரி 31 இரவு, வடகடலில் புயலும் உயர் ஓதமும் சேர்ந்து வந்து நெதர்லாந்தில் 1,836 பேரையும் இங்கிலாந்தில் 307 பேரையும் பலிகொண்டது. அதற்குப் பிறகுதான் இரு நாடுகளும் விழித்துக்கொண்டன. தேம்ஸ் ஆற்றின் குறுக்கே 520 மீட்டர் நீளத்தில் பத்துக் கதவுகளோடு கட்டிய தடுப்பு 1982-ல் செயல்பாட்டுக்கு வந்தது. நெதர்லாந்தின் கிழக்கு ஷெல்ட் தடுப்பு 1986-ல், ரோட்டர்டாம் நீர்வழியை மூடும் மாஸ்லாண்ட் கதவுகள் 1997-ல். வெனிஸ் நகரம் 2020 அக்டோபரில் தன் கதவுகளை முதன்முதலாகப் புயலுக்காக உயர்த்தியது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. உள்ளே ஒரு பெரிய நகரமோ நிலப்பரப்போ இருக்கும், கடல் உள்ளே வர விரல்விட்டு எண்ணக்கூடிய வாய்கள்தான் இருக்கும். நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் திறந்த கரை, டெல்டாவில் மட்டும் எத்தனையோ ஆற்று வாய்கள். அதைவிட முக்கியம் மழை. வடகடல் புயலில் கடல் ஏறும் நேரத்தில் தேம்ஸில் பெருவெள்ளமும் வருவது அபூர்வம். நம் புயலோ கடலையும் மழையையும் ஒரே இரவில் கொண்டுவரும். கதவை மூடினால் ஆற்று வெள்ளம் உள்ளே தேங்கும், திறந்தால் கடல் வரும்.

சின்ன அளவில் நம்மிடம் அப்படிப்பட்ட கதவுகள் இருக்கவே செய்கின்றன. காவிரி டெல்டாவின் கடைமடையில் கடல் நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்கும் இயக்கு அணைகள் அவைதான். அவற்றின் ஷட்டர்கள் துருப்பிடிக்காமல் ஏறி இறங்குகின்றனவா என்று ஆண்டுதோறும் பார்ப்பது, புதுக் கதவு கனவைவிட அதிகப் பயன் தரும்.

வங்கதேசத்தில் போல மண் கரை எழுப்பினால்?

அங்கே 1960-களிலிருந்து கழிமுகத் தீவுகளைச் சுற்றி மண் கரை போட்டார்கள். சாதாரண ஓதத்துக்கு நன்றாகவே பயன்பட்டது. ஆனால் வண்டல் ஏறாததால் உள்நிலம் தாழ்ந்தது, வெளியே ஆறு உயர்ந்தது. 2009 மே மாதம் அய்லா புயல் கரைகளை உடைத்தபோது, பல இடங்களில் உப்பு நீர் வடிய வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றது. கரை கட்டினால் வடிகால் மதகும், ஆண்டுதோறும் பராமரிப்பும் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்க மனமில்லாவிட்டால் கட்டாமல் இருப்பதே மேல்.

மணல்மேடும் அலையாத்தியும் உண்மையிலேயே காப்பாற்றுமா?

காப்பாற்றும், அளவோடு. 1999 அக்டோபர் 29 ஒடிசா பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டக் கிராமங்களை ஆய்வு செய்தபோது, கடலுக்கும் ஊருக்கும் நடுவே அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைவு என்று தெரியவந்தது. நம்மிடம் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் இருக்கின்றன. ஆனால் ஐந்து மீட்டர் நீரை எந்தக் காடும் நிறுத்தாது, வேகத்தைத்தான் குறைக்கும்.

மணல்மேட்டை நாம் மிகக் குறைவாக மதிக்கிறோம். கரையில் படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடியும், முள்ளு முள்ளாக நிற்கும் ராவணன் மீசைப் புல்லும் தான் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. ராவணன் மீசையின் காய்ந்த தலை பந்துபோல் காற்றில் உருண்டு ஓடும், சிக்கிய இடத்தில் முளைக்கும். அப்படி முளைத்த புல்லைச் சுற்றி மணல் குவியும். விடுதி கட்டுகிறவர்கள் கடல் தெரிய வேண்டும் என்று முதலில் வழித்துத் தள்ளுவது இந்த மேட்டைத்தான். இரண்டு மீட்டர் மணல்மேடு இலவசமாகக் கிடைத்த கடற்சுவர். அதை ஜேசிபி வைத்துச் சமன் செய்ய அனுமதிக்கவே கூடாது.

சவுக்குத் தோப்பு காற்றுக்கு நல்லது. ஏறும் கடலுக்கு அதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

புயலே இல்லாமல் கடல் ஏறுகிறதே, கன்னியாகுமரிப் பக்கம்?

அது கள்ளக்கடல். பெரும்பாலும் சித்திரை, வைகாசியை ஒட்டி வரும். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வீசிய புயலின் அலைகள், நாட்கணக்கில் பயணம் செய்து கேரளம், குமரிக் கரைகளில் ஏறும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது.

வெளியேறச் சொன்னால் எப்போது கிளம்ப வேண்டும்?

சொன்னவுடன். செய்தியில் வரும் “கரையைக் கடக்கும் நேரம்” புயலின் மையத்துக்கான நேரம். கடல் அதற்குப் பல மணி நேரம் முன்பே ஏறத் தொடங்கும், தாழ்வான சாலை முதலில் மூழ்கும். இருட்டிய பிறகு, மழையில், குழந்தையையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புவதைவிட மதியமே போய்விடுவது மேல். படகை மேட்டில் ஏற்றிக் கட்டுவது, வலையையும் இன்ஜினையும் உயரத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் முந்தைய நாளே முடியட்டும். காற்று திடீரென்று நின்றால் புயல் முடிந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள். அது மையமாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கும், கடல் ஏறுவது அந்தக் காற்றிலாகவும் இருக்கலாம்.

வெளியேற்றம் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவைக் காட்டலாம். 1999-ல் அங்கே பத்தாயிரம் பேரளவில் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூரில் கடந்தபோது பத்து லட்சம் பேரளவில் முன்கூட்டியே வெளியேற்றினார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது. வங்கதேசத்தில் 1970 நவம்பர் 12 போலா புயலில் மூன்று முதல் ஐந்து லட்சம் பேர் இறந்தார்கள். 1991-ல் சுமார் 1,38,000 பேர், அதில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. இன்று அங்கே எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மெகாபோனோடு தெருத்தெருவாகப் போகிறார்கள், பாதிப் பேர் பெண்கள். பெண் வந்து கதவைத் தட்டினால் வீட்டுப் பெண்கள் கிளம்புகிறார்கள். நம் பல்நோக்குப் பேரிடர் மையங்களிலும் பெண்களுக்குத் தனிக் கழிவறை, தாழ்ப்பாளோடு கதவு, விளக்கு இருந்தால்தான் குடும்பமாக வருவார்கள். இவை இல்லாமல் “மக்கள் ஒத்துழைக்கவில்லை” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070.

நீர் வடிந்த பிறகு கிணற்றையும் வயலையும் என்ன செய்வது?

கிணற்றை உடனே மோட்டார் போட்டு அடிவரை இறைக்காதீர்கள். கடலோரத்தில் நிலத்தடியில் நன்னீர் மெல்லிய படலமாக உப்பு நீர் மேல் மிதக்கிறது. வேகமாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு நீர் மேலே ஏறும், உறை இல்லாத கிணறு இடியவும் செய்யும். மேலே மிதக்கும் குப்பையையும் சேற்றையும் அகற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, குளோரின் போட்டு, அடுத்த மழைகளுக்கு விட வேண்டும். சுவை மாறும் வரை குடிக்க லாரித் தண்ணீர்தான்.

வயலில் தேங்கிய உப்பு நீரை எவ்வளவு சீக்கிரம் வடிக்கிறோமோ அவ்வளவு நல்லது, காய விட்டால் உப்பு மேலே பூத்துவிடும். மேலே படிந்த சேற்றை வழித்தெடுத்து, வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கித் தேக்கி வடிக்க வேண்டும். களிமண் இறுகிப்போன வயலுக்கு ஜிப்சம் உதவும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் இனி விளையாது என்று கைவிட்ட பல வயல்கள் நல்ல மழைக்குப் பிறகு திரும்ப நெல் கொடுத்தன. அதனால் முதல் போகம் கருகியதும் நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகை விட்டுவிடாதீர்கள். அங்கே நிற்கும் உப்பு நீர் பக்கத்து வயலையும் கெடுக்கும்.